"செத்ததும் எங்க பிள்ளை, செஞ்சதும் எங்க பிள்ளை": கோர்ட் வராந்தாவில் பெற்றோர் கேட்ட கேள்விகள்

மலேசியாவின் பினாங்கில் இருபது வருடத்துக்கு மேல் கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். கொலை வழக்கு என்றால் பொதுவாக ஒரு பெஞ்சில் செத்தவர் வீட்டார், இன்னொரு பெஞ்சில் பிடிபட்டவர் வீட்டார். வீட்டுக்குள்ளேயே நடந்த கொலையில் அப்படிப் பிரிக்க முடியாது. மகளைப் பறிகொடுத்த அம்மாவும் மகன் கூண்டில் நிற்கும் அம்மாவும் ஒரே ஆள். எந்தப் பெஞ்சில் உட்காருவது என்று தெரியாமல் கதவோரம் நிற்பார்கள். தமிழ் முகம் என்பதால் என்னிடம் வந்து கேட்பார்கள். வேலையில் இருந்தவரை பதில் சொல்லக் கூடாது, "வக்கீலக் கேளுங்கம்மா" என்று நகர்ந்துவிடுவேன்.

இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை அவர்கள் வாய்ப்படியே எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் இல்லை, உங்கள் வழக்கின் விவரத்துக்கு வக்கீல்தான் பதில் சொல்ல வேண்டும். குடும்பங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

போலீஸ் பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. இப்ப அவன என்ன பண்ணுவாங்க? எப்ப பார்க்கலாம்?

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். போலீஸ் ரிமாண்ட் கேட்கும். கொலை மாதிரியான வழக்கில் முதலில் அதிகபட்சம் 7 நாள், அப்புறம் இன்னொரு 7 நாள், ஆக 14 நாள் வரை லோக்காப்பில் வைக்கலாம். அந்த நாட்களில் நீங்கள் பார்ப்பது கடினம். வக்கீல் பார்க்கலாம். கைதானவருக்கு உறவினருக்கும் வக்கீலுக்கும் தகவல் சொல்லும் உரிமை உண்டு, விசாரணைக் காரணம் காட்டி அதைக் கொஞ்சம் தள்ளிப்போடவும் போலீசுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது.

ரிமாண்ட் கட்டத்தில் கையில் காசில்லை என்றால் தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வக்கீலைக் கேளுங்கள். மலாயில் யயாசான் பந்துவான் குவாமான் கெபாங்சான், சுருக்கமாக வைபிஜிகே. 2012 முதல் இயங்குகிறது.

முதல் நாள் கோர்ட்ல என்ன நடக்கும்? அன்னைக்கே ஒத்துக்கணுமா?

கொலைக் குற்றச்சாட்டை முதலில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் வாசிப்பார்கள். ஒப்புக்கொள்கிறாயா என்று அங்கே கேட்பதில்லை, விளங்கியதா என்றுதான் கேட்பார்கள். தலையாட்டினால் போதும். விசாரணை பிறகு உயர் நீதிமன்றத்தில். பிரேதப் பரிசோதனை அறிக்கை, கெமிஸ்ட் அறிக்கை எல்லாம் வரும்வரை தேதி தள்ளிக்கொண்டே போகும்.

ஒரு விஷயத்துக்கு மனதைத் தயார் செய்துகொண்டு வாருங்கள். குற்றச்சாட்டில் செத்தவர் பெயர் முழுசாக வரும், அடையாள அட்டை (ஐசி) எண்ணும் வரும். "இன்னாருக்கு மரணம் விளைவித்தாய்" என்று நான் தமிழில் வாசித்தபோது, ஒரு தாய் தன் மகளைக் கூப்பிட்டதாக நினைத்து எழுந்து நின்றுவிட்டார். யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளட்டும்.

302ன்னா தூக்குதானே?

முன்பு அப்படித்தான். 2023 ஜூலை 4 முதல் கட்டாயத் தூக்கு இல்லை. தண்டனைச் சட்டத்தின் 302-வது பிரிவில், அதாவது கொலைக் குற்றத்தில், குற்றவாளி என்று முடிவானால் நீதிபதி தூக்கு விதிக்கலாம், அல்லது 30 முதல் 40 ஆண்டு வரை சிறை விதிக்கலாம். சிறை என்றால் கூடவே 12-க்குக் குறையாத பிரம்படி. பெண்களுக்கும் 50 வயதைத் தாண்டிய ஆண்களுக்கும் பிரம்படி கிடையாது.

304 வேறு. கொல்லும் நோக்கம் கொலை என்ற அளவுக்கு இல்லை, அல்லது திடீர் ஆத்திரமூட்டல் போன்ற விலக்கு பொருந்துகிறது என்றால் அதற்குள் வரும். அதிலும் இரண்டு உண்டு: ஒன்றில் 30 ஆண்டு வரை, இன்னொன்றில் 10 ஆண்டு வரை. குற்றச்சாட்டு 302-லிருந்து 304-க்கு இறங்குவது உங்கள் வக்கீலும் அரசுத் தரப்பும் பேசித் தீர்க்கிற விஷயம். வராந்தாவில் "எனக்கு டிபிபியத் தெரியும், நான் பேசுறேன்" என்று ஒருவர் வருவார் (டிபிபி என்றால் அரசுத் தரப்பு வக்கீல்). அவருக்கு ஒரு வெள்ளிகூட (ரிங்கிட்) கொடுக்காதீர்கள்.

ஜாமீன்ல எடுத்துட்டா வீட்லயே வெச்சுப் பார்த்துக்குவோம்ல?

302-க்குப் பொதுவாக ஜாமீன் கிடையாது. 16 வயதுக்குக் குறைந்தவர், பெண், நோயாளி என்றால் கோர்ட் பரிசீலிக்கலாம். இன்னொன்றும் யோசியுங்கள்: பெரும்பாலும் சம்பவம் நடந்த இடமே அந்த வீடுதான்.

எங்க பிள்ளைதான் செத்தது. நாங்களே மன்னிச்சிட்டோம். கேஸ வாபஸ் வாங்க முடியாதா?

முடியாது. போலீஸ் ரிப்போர்ட் கொடுத்ததே நீங்களாக இருந்தாலும் முடியாது. வழக்கு அரசாங்கத்துக்கும் உங்கள் பிள்ளைக்கும் நடக்கிறது. நடத்துவதா நிறுத்துவதா என்பது சட்டத்துறைத் தலைவரின் அதிகாரம். நீங்கள் கடிதம் கொடுக்கலாம், வக்கீல் அதைத் தன் மனுவோடு சேர்க்கலாம், அவ்வளவுதான்.

மன்னிப்பு வீண் என்று சொல்லவில்லை. அதற்கு இடம் பின்னால் வருகிறது, தண்டனை நாள் பற்றிய கேள்வியில் பாருங்கள்.

லாயருக்கு வீட்ட விக்கணுமா?

வேண்டாம். தூக்குத் தண்டனைக்கு இடமுள்ள வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு உயர் நீதிமன்றமே அரசாங்கச் செலவில் வக்கீலை நியமிக்கும். "கவர்மெண்ட் லாயர் சும்மா நிப்பாரு" என்று வராந்தாவில் பேசுவார்கள். நான் பார்த்தவரை நல்லவரும் உண்டு, சுமாரானவரும் உண்டு, காசு கொடுத்து வைக்கிற வக்கீல்களைப் போலவேதான். மீதிப் பிள்ளைகள் குடியிருக்கிற வீட்டை விற்றுவிட்டு வந்து நின்ற ஒரு தகப்பனை எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகள் அப்புறம் அண்ணனைப் பார்க்கப் போகவே இல்லை.

நான் பெத்தவ. எம்புள்ளைக்கு எதிரா என்னய எப்படி சாட்சிக்குக் கூப்பிடலாம்?

கூப்பிடலாம். கணவன் மனைவி தங்களுக்குள் பேசிக்கொண்டதற்குத்தான் சாட்சியச் சட்டத்தின் 122-வது பிரிவு பாதுகாப்புத் தருகிறது. அம்மா மகன் பேச்சுக்கு அப்படி எதுவும் இல்லை. போலீஸ் வாக்குமூலம் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். உங்களையே குற்றத்தில் மாட்டிவிடக்கூடிய கேள்விக்கு மட்டும் மறுக்கலாம். தமிழில் சொன்னதைத் தமிழிலேயே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள். "அவன் தள்ளினான்" என்பதும் "அவன் மேல விழுந்தான்" என்பதும் மலாயில் மாறும்போது என்னென்ன ஆகும் என்று எனக்குத்தான் தெரியும்.

பொய் சொல்லாதீர்கள். பொய்ச் சாட்சிக்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. அது ஒருபக்கம் இருக்கட்டும், குறுக்கு விசாரணையில் அம்மாவின் ஒரு பொய் பிடிபட்டால் அவர் சொன்ன நல்லதும் சேர்ந்து போய்விடும். "ஆறு மாசமா அவன் தூங்கல, சுவத்தோட பேசினான்" என்பது உண்மையாகவே இருக்கும், ஆனால் நம்ப ஆள் இருக்காது.

சாட்சி என்றால் உங்கள் முறை முடியும்வரை உள்ளே உட்கார முடியாது. பிள்ளை வழக்கை வெளி பெஞ்சிலிருந்து கதவைப் பார்த்தே கழிக்க வேண்டியிருக்கும். அவனிடம் இதை முன்கூட்டியே சொல்லும்படி வக்கீலிடம் சொல்லுங்கள். அம்மா வரவே இல்லை என்று நினைத்துக்கொள்வான்.

பதட்டத்துல ரத்தமெல்லாம் கழுவிட்டேன், அவன என் தங்கச்சி வீட்ல ரெண்டு நாள் தங்க வெச்சேன். நானும் மாட்டிக்குவேனா?

மாட்டலாம். தடயத்தை அழிப்பது 201-வது பிரிவு, குற்றவாளியை ஒளித்துவைப்பது 212. ஒளித்துவைப்பதில் கணவன் மனைவிக்கு விலக்கு உண்டு, பெற்றோருக்கு இல்லை. உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீலைப் பாருங்கள். பிள்ளையின் வக்கீல் பிள்ளைக்குத்தான்.

எல்லா அம்மாவும் தரையைக் கழுவத்தான் ஓடுகிறார்கள். அழுக்கைப் பார்த்தால் கழுவுகிற கை அது. அதைப் போலீசிடம் மறைக்காமல் சொன்னவர்கள் பெரும்பாலும் சாட்சியாகத்தான் நின்றார்கள், கூண்டில் நிற்கவில்லை.

கொள்ளி வைக்க வேண்டியவனே உள்ள இருக்கான். இப்ப யாரு வைக்கிறது?

அப்பா செத்து, ஒரே மகன் பிடிபட்டிருக்கும் வீடுகளில் சவக்கிடங்கு வாசலிலேயே தொடங்கிவிடும் சண்டை இது. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொடுக்கும்போது கையெழுத்துப் போட நெருங்கிய உறவு ஒருவர் வேண்டும். அதை முதலில் முடித்துவிடுங்கள், சடங்குப் பேச்சு அப்புறம். போலீஸ் காவலில் இருப்பவனை மயானத்துக்குக் கூட்டிவருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம்.

தம்பி, அண்ணன் மகன், பங்காளி, மருமகன் என்று யாரும் வைக்கலாம். பத்து லஞ்சாங் மயானத்தில் மகள் கொள்ளி வைத்ததை நானே பார்த்திருக்கிறேன். பெரியப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பண்டாரம் பேசாமல் குடத்தில் ஓட்டை போட்டுக் கொடுத்தார், அந்தப் பெண் மூன்று சுற்றும் சுற்றி முடித்தது. பிள்ளையைக் கொன்றது பிள்ளை என்றால் அப்பா வைப்பார். அன்று அவரைக் காருக்குப் பக்கத்தில் தனியாக விடாதீர்கள்.

கருமாதிப் பத்திரிகையில் அவன் பெயரைப் போடுவதா? வீட்டுக்கு வீடு வேறு. போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களும் உண்டு, போடாமல் விட்டுப் பல வருடம் மருகியவர்களும் உண்டு. நான் கேட்டவரையில் "மகன்கள், மகள்கள், மருமக்கள்" என்று பெயரே இல்லாமல் அடித்த வீடுதான் பிழைத்தது.

ஜெயிலுக்குப் போய்ப் பார்த்தா என்ன பேசறது? ஏன்டா செஞ்சேன்னு கேக்கணும் போல இருக்கு.

கேட்காதீர்கள். கேட்கவே கூடாது என்பதில்லை, வழக்கு முடியும்வரை கேட்காதீர்கள். அவன் உங்களிடம் சொல்கிற எதையும் நாளைக்கு உங்களிடமே கோர்ட்டில் கேட்கலாம். சாட்சி பற்றிய பதிலில் சொன்னேனே, அம்மாவுக்குப் பாதுகாப்பு இல்லை.

மற்றபடி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நீங்கள், நடுவில் போன். நேரம் கொஞ்சம்தான். ஐசியை மறக்காதீர்கள், அரைக்கால் சட்டையும் சிலிப்பரும் வேண்டாம், சமைத்து எடுத்துப் போனால் வாசலோடு சரி. பட்டர்வொர்த் பக்கத்திலிருந்து பெர்ரி ஏறி வருகிற ஒரு அம்மா முதல் மூன்று தடவையும் அழுதே நேரத்தைத் தீர்த்தார். நாலாவது தடவை ஒரு தாளில் எழுதி வந்தார்: "பல்லு வலி. தூக்கம். மருந்து குடுக்குறாங்களா. மாமா கேட்டாரு. பூனை குட்டி போட்டுச்சு." பூனையைப் பற்றித்தான் அவன் அதிகம் கேட்டானாம்.

அவனுக்கு ரொம்ப நாளாவே மனசு சரியில்ல. தஞ்சோங் ரம்புத்தான் அனுப்பிட்டா விட்டுடுவாங்கதானே?

இங்கே இரண்டு கேள்வி இருக்கிறது, வக்கீல்களே சில நேரம் வேகமாகப் பேசிக் குழப்பிவிடுவார்கள். இப்போது வழக்கைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கிறானா என்பது ஒன்று. அதைப் பார்க்கத்தான் கோர்ட் அவனை ஒரு மாதம் போல உளு கிந்தா பஹாகியா மனநல மருத்துவமனைக்கு அனுப்பும். நம் ஆட்கள் ஊர் பெயராலேயே தஞ்சோங் ரம்புத்தான் என்கிறார்களே, 1911-ல் திறந்த அதே ஆஸ்பத்திரிதான். சம்பவ நேரத்தில், தான் செய்வது என்ன, அது தப்பா என்று தெரியாத அளவுக்குப் புத்தி பேதலித்திருந்தானா என்பது இன்னொன்று. அதுதான் 84-வது பிரிவு, அதை நிரூபிக்கும் பாரம் உங்கள் பக்கம். நோய் இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது.

84 நிரூபணமானால் தீர்ப்பில் "விடுதலை" என்று வரும். அந்த ஒரு சொல்லை வாசித்துவிட்டு நான் பட்ட பாடு! குடும்பமே வேட்டி சட்டையோடு கூட்டிப்போக வந்து நின்றது. அந்த விடுதலை வீட்டுக்கு இல்லை. குற்றத்தண்டனை இல்லை, ஆனால் மனநல மருத்துவமனையில் காவல். பினாங்கில் என்றால் மாநில ஆளுநர் உத்தரவு வரும்வரை, எத்தனை வருடம் என்று தேதி கிடையாது. பிற்பாடு மருத்துவர்கள் பாதுகாப்பானவர் என்று சொல்லி, உறவினர் பொறுப்பேற்று வெளியே வர வழி உண்டு. அந்த உறவினர் நீங்கள்தான். மருந்து கொடுக்க ஆள் இருக்கிறதா, தங்க இடம் எது என்று கேட்பார்கள்.

பழைய கிளினிக் கார்டு, மருந்துச் சீட்டு, அவன் முன்பு கலாட்டா செய்தபோது நீங்கள் கொடுத்த போலீஸ் ரிப்போர்ட், எதையும் தூக்கி எறியாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பைலில் தேதி வரிசையாகப் போடுங்கள். "பேய் புடிச்சிருக்குன்னு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனோம்" என்பதையும் வக்கீலிடம் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டாம், அறிகுறி எப்போது தொடங்கியது என்பதற்கு அதுவும் சாட்சி.

சியாபு எடுத்திருந்தான். போதையில செஞ்சதுக்கு அவன் என்ன பண்ணுவான்?

தானாக எடுத்த போதை தனியாக ஒரு சாக்கு ஆகாது. போதையால் அந்த நேரத்தில் புத்தியே பேதலித்திருந்தது என்று நிரூபித்தால் மட்டும் மேலே சொன்ன வழிக்குள் வரும். மருத்துவர் சாட்சியம்தான் முக்கியம்.

அவனுக்குப் பதினாறு வயசுதான் ஆகுது.

18-க்குக் கீழ் தூக்கு கிடையாது. 2001 சிறார் சட்டப்படி ஆட்சியாளர் (பினாங்கில் ஆளுநர்) விரும்பும் காலம் வரை, அதாவது தேதி குறிக்காத தடுப்பு, வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபரிசீலனை. படத்தையும் பெயரையும் பத்திரிகை போடக் கூடாது. உறவினர்கள் வாட்ஸ்அப்பில் சுற்றவிடுவதை முதலில் நிறுத்துங்கள்.

மருமகளைக் கொன்னுட்டான். சம்பந்தி வீட்ல பேரப்பிள்ளைங்களைக் கண்ணுலயே காட்ட மாட்டேங்கிறாங்க. எங்களுக்கு உரிமை இல்லையா?

நான் கேட்டதிலேயே கஷ்டமான கேள்வி இது. தாத்தா பாட்டி என்பதற்காகத் தானாக வருகிற உரிமை எதுவும் இல்லை. கோர்ட் பார்ப்பது குழந்தையின் நலனை மட்டும். அந்தப் பிள்ளைகள் சம்பவத்தைக் கண்ணால் பார்த்தவர்களாக இருந்தால் சாட்சிகளும்கூட. "அப்பா நல்லவருன்னு சொல்லு" என்று போனில் ஒரு வார்த்தை சொன்னாலும் சாட்சியைக் கலைத்ததாகிவிடும்.

வாசலில் போய் நிற்காதீர்கள். சம்பந்திக்கு நீங்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள்: அவர்கள் பெண்ணைக் கொன்றவனுக்குச் சாப்பாடு போட்டு வளர்த்தவர்கள். ஒரு பாட்டி மாதாமாதம் பிள்ளைகள் பெயரில் பேங்கில் 100 வெள்ளி போட்டுவந்தார், யாரிடமும் சொல்லவில்லை. வழக்கு முடிந்தபின் சமூக நல இலாகா அதிகாரி வழியாகக் கேட்டார். மூத்ததை மட்டும் ஒரு மணி நேரம் பார்க்க விட்டார்கள். அதற்கே நான்கு வருடம் ஆனது.

அவனப் போய்ப் பார்த்தா செத்துப்போன எம்மகளுக்குத் துரோகம் பண்ற மாதிரி இருக்கு. சொந்தக்காரங்களும் அதையேதான் சொல்றாங்க.

யாராவது ஒருவர் மனுநீதிச் சோழனை இழுப்பார். கன்றுக்குட்டிக்காக மகனையே தேர்க்காலில் இட்டவர், நீ என்னடா என்றால் பிஸ்கட் வாங்கிக்கொண்டு ஜெயிலுக்குப் போகிறாய் என்பார். சோழன் ராஜா. தீர்ப்புச் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர். உங்கள் வழக்கில் அந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், சம்பளமும் வாங்குகிறார். அந்த வேலையை நீங்களும் செய்ய வேண்டாம். "பெத்த மனம் பித்து" என்று இன்னொரு பக்கம் தடவிக் கொடுப்பவர்களையும் நான் நம்புவதில்லை. பித்துப் பிடித்த யாரும் தேதி தவறாமல் கோர்ட்டுக்கு வருவதில்லை.

துரோகம் எதில் வரும் தெரியுமா? "அவளும் வாயாடிதான்", "அவ சீண்டாம இருந்திருந்தா" என்று அவனைக் காப்பாற்றச் செத்தவள் மேல் பழி போடுகிறோமே, அதில் வரும். பார்க்கப் போவதில் இல்லை. அவள் திதிக்கு விளக்கேற்றுங்கள், அவள் பெயரை வீட்டில் சொல்லுங்கள், அவன் முன்னாலும் சொல்லுங்கள்.

வீட்டுக்காரரு அவன் பேரையே எடுக்கக் கூடாதுங்கிறாரு.

அவருக்கும் அந்த உரிமை இருக்கிறது. இருவரும் ஒரே வேகத்தில் வர மாட்டார்கள். ஒரு வீட்டில் அப்பா குடும்பப் போட்டோவைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை வீடு துடைக்கும்போது அம்மா நேராக்குவார், ராத்திரி அப்பா மறுபடி திருப்புவார். இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லையாம். பேச ஆள் வேண்டும் என்றால் பிஃப்ரெண்டர்ஸ் தொண்டு அமைப்பு இருக்கிறது, சுகாதார அமைச்சின் 15555 உதவி எண்ணும் இருக்கிறது. அவர் அழைக்க மாட்டார் என்றால் நீங்கள் அழையுங்கள்.

அப்பாவோட ஈபிஎஃப் நாமினி அவன்தான். இப்ப என்ன ஆகும்?

கொன்றவர் அந்த மரணத்தால் லாபம் அடையக் கூடாது என்பது பொதுச் சட்டக் கொள்கை. பணத்தை எடுக்கவோ, அவனிடம் கையெழுத்து வாங்கவோ நீங்களாக ஓடாதீர்கள். சொத்து வழக்குப் பார்க்கிற வக்கீல் வேறு, அவரிடம் போங்கள்.

தண்டனை சொல்ற அன்னைக்கு நாங்க ஏதாச்சும் பேசலாமா?

பேசலாம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 183ஏ பிரிவுப்படி, பாதிக்கப்பட்டவரின் குடும்பம் கேட்டுக்கொண்டால், தண்டனைக்கு முன் அந்த மரணம் தங்களை எப்படிப் பாதித்தது என்று சொல்லலாம். செத்தவரின் குடும்பம் நீங்கள்தானே! அரசுத் தரப்பிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். கட்டாயம் இல்லை. தண்டனையைக் குறைக்கும்படி வாதாடுவது அவன் வக்கீலின் வேலை. நீங்கள் உங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னால் போதும்.

ஒரு தகப்பன் நின்றார். மகள் செருப்பு இன்னும் வாசல் ரேக்கில் இருப்பதைச் சொன்னார், மகனுக்கு மருந்து கிடைக்கிற இடமாக இருக்க வேண்டும் என்றார். பேச்சு முழுக்க "எம்பிள்ளைங்க" என்றே சொன்னார். நான் "அனாக்-அனாக் சாயா" என்று மாற்றினேன். நீதிபதி நிமிர்ந்து, எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். "ரெண்டுங்க" என்றார்.

தீர்ப்பு முடிஞ்சிருச்சு. நாங்க போயிட்டா அவன யாரு பார்ப்பா?

மேல்முறையீட்டுக்கு 14 நாள்தான், தீர்ப்பு நாளிலேயே வக்கீலிடம் பேசிவிடுங்கள். அப்புறம் மேல்முறையீட்டு நீதிமன்றம், கூட்டரசு நீதிமன்றம், அதற்கும் பின் மன்னிப்பு வாரியத்துக்கு மனு. தண்டனைக் கைதியான பிறகு ஜாலான் பென்ஜாராவில் உள்ள பினாங்கு சிறையிலேயே இருப்பான் என்று நினைக்காதீர்கள், தைப்பிங்கோ காஜாங்கோ போகலாம்.

30 ஆண்டு என்றால் நன்னடத்தைக்கு மூன்றில் ஒரு பங்கு கழிந்து 20. மகனுக்கு 26, அம்மாவுக்கு 58 என்றால் அவர் 78 வரை இருக்க வேண்டும். இந்தக் கணக்கை எல்லா அம்மாவும் விரலில் போடுகிறார்கள். கூடப் பிறந்தவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள், அக்காவைக் கொன்றவனைப் பார்க்கத் தங்கைக்குக் கடமை ஏதும் இல்லை.

பூனையைப் பற்றி எழுதி வந்த அம்மா, போன வருடம் தன் அண்ணன் மகனைக் கூட்டிவந்தார். முட்டி வலி, பெர்ரி படி ஏற முடியவில்லை. எந்தப் பஸ், எந்தக் கவுண்டர், எந்த அதிகாரி சிடுசிடுப்பார் என்று எல்லாம் காட்டிக் கொடுத்தார். பிளாஸ்டிக் பைலையும் கொடுத்தார். அந்தப் பையன் உள்ளே போய்விட்டு வந்து, "அத்தே, பல்லு வலி போயிருச்சாம்" என்றான்.